ராதாரிச் சீட்டும் பாஸ்போர்ட்டும்

கம்பம் பள்ளத்தாக்கில் பெண் கொடுக்கும் வீட்டார் நிலம், தண்ணீர், குலதெய்வம் எல்லாம் விசாரித்து முடித்த பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "கேஸு கீஸு ஏதும் இல்லையே?" பெண் நர்சிங் படித்தவளாக இருந்து, கல்யாணத்துக்குப் பிறகு இருவரும் வெளிநாடு போவதாகப் பேச்சிருந்தால் அந்தக் கேள்வி எடுத்த எடுப்பிலேயே வந்துவிடும். பையன் மேல் எப்போதோ ஒரு வழக்கு இருந்ததாகக் காதில் விழுந்தால் போதும், தீர்ப்பு அங்கேயே எழுதப்படுகிறது. "எஃப்.ஐ.ஆர். விழுந்தவனுக்குப் பாஸ்போர்ட் கிடைக்காது. அவனைக் கட்டிக்கிட்டா உன் விசாவும் சேர்ந்து போயிரும்." ஏற்கெனவே கல்யாணமாகியிருந்தால் அறிவுரை வேறு மாதிரி வரும்: "அவர் இங்க கிடக்கட்டும், நீ மட்டும் கிளம்பு." இந்த இரண்டும் சரிப்படாதவர்களுக்கு மூன்றாவதாக ஒன்று, காதோடு காதாக: "ஏஜென்ட்கிட்ட சொல்லு, மறைச்சு முடிச்சுக் குடுத்துருவான்."

முதலாவது சட்டப்படி பிழை. இரண்டாவது, ஓரிரு நாடுகளின் விதியை உலகத்துக்கே நீட்டிப் பேசுவது. அந்த நாடுகளிலும் அந்த யோசனை பலிக்கும் என்பதற்கு உறுதியில்லை. மூன்றாவதை நம்பியவர்கள்தான் உண்மையில் கெடுகிறார்கள்.

முதலில் இந்தக் 'கேஸ்காரன்' யார் என்று பார்க்க வேண்டும். 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு அணைப் பிரச்சினை கொதித்தபோது கம்பம், கூடலூர், உத்தமபாளையம் வட்டாரத்திலிருந்து ஆயிரக்கணக்கானோர் லோயர் கேம்ப் வழியாகக் குமுளி எல்லையை நோக்கி நடந்தார்கள். 144 தடையுத்தரவு வந்தது, தடியடி நடந்தது, வழக்குகளும் பதிவாயின. பின்னர் பொட்டிப்புரம் மலையில் நியூட்ரினோ ஆய்வகம் வரக்கூடாது என்று நடந்த போராட்டங்களிலும் அதே கதை. சட்டவிரோதமாகக் கூடியது, வழி மறித்தது, அரசு ஊழியரின் உத்தரவை மீறியது என்று வழக்கமான பிரிவுகள். இவை போக, சித்திரைத் திருவிழாவில் முளைத்த கைகலப்பு, வாய்க்கால் மடையில் தொடங்கி மண்டை உடைந்த பங்காளிச் சண்டை, தோட்டத்துக் கொட்டகையில் சீட்டாடிப் பிடிபட்டது என்று சில்லறை வழக்குகள் ஏராளம். மறுபக்கம், மலையிலிருந்து கஞ்சா மூட்டை இறக்கியவனும் இருக்கிறான், குடித்துவிட்டு மனைவியின் கையை உடைத்தவனும் இருக்கிறான். ஊர் வாயில் இத்தனை பேருக்கும் ஒரே பட்டப்பெயர். சட்டம் இவர்களை ஒரே வரிசையில் நிறுத்துவதில்லை. விசா அதிகாரியும் நிறுத்துவதில்லை.

பாஸ்போர்ட் என்பது அரசு மனமிரங்கித் தரும் பிச்சை என்றுதான் 1967 வரை டெல்லியும் எண்ணிக்கொண்டிருந்தது. அந்த ஆண்டு ஏப்ரலில் சத்வந்த் சிங் சாஹ்னி வழக்கில் உச்ச நீதிமன்றம், வெளிநாடு செல்வது தனிமனித சுதந்திரத்தின் பகுதி, சட்டமே இல்லாமல் அதை அதிகாரி மறுக்க முடியாது என்று சொன்னது. அடுத்த இரண்டே மாதத்தில் பாஸ்போர்ட் சட்டம் பிறந்தது. பத்தாண்டு கழித்து மேனகா காந்தியின் பாஸ்போர்ட்டை ஜனதா அரசு பிடுங்கிவைத்தபோது, காரணம் சொல்லாமலும் எதிர்த்தரப்பைக் கேட்காமலும் அப்படிச் செய்யக்கூடாது என்று 1978-இல் அதே நீதிமன்றம் இன்னும் அழுத்திச் சொன்னது. சட்டக் கல்லூரி மாணவர்கள் எல்லோரும் படிக்கிற தீர்ப்பு அது. ஊரில் வாய்ப்பேச்சாகப் புழங்கும் சட்டமோ 1967-க்கு முந்தியது.

பாஸ்போர்ட் சட்டத்தின் ஆறாவது பிரிவுதான் மறுப்பதற்கான காரணங்களைச் சொல்கிறது. குற்ற வழக்கைப் பற்றி அதில் முக்கியமானவை இரண்டு. இந்திய நீதிமன்றம் ஒன்றில் குற்ற வழக்கு நடவடிக்கை நிலுவையில் இருப்பது ஒன்று. ஒழுக்கக் கேடான குற்றத்துக்காக, விண்ணப்பத்துக்கு முந்தைய ஐந்து ஆண்டுக்குள், இரண்டு ஆண்டுக்குக் குறையாத சிறைத் தண்டனை விதிக்கப்பட்டிருப்பது மற்றொன்று. எஃப்.ஐ.ஆர். என்ற சொல்லே அதில் கிடையாது. போலீஸ் வழக்குப் பதிவு செய்வதும் விசாரிப்பதும் 'நீதிமன்றத்தில் நிலுவை' ஆகாது. குற்றப்பத்திரிகை தாக்கலாகி, மாஜிஸ்திரேட் அதைக் கோப்பில் எடுத்துக்கொண்ட பிறகுதான் அந்தப் பிரிவு விழித்துக்கொள்ளும். சென்னை உயர் நீதிமன்றம் வெங்கடேஷ் கந்தசாமி வழக்கில் இதைத் தெளிவாக்கியது. பிறகு வெளியுறவு அமைச்சகமே 10.10.2019 தேதியிட்ட அலுவலகக் குறிப்பாணையில், வெறும் எஃப்.ஐ.ஆரும் விசாரணையில் இருக்கும் வழக்கும் இந்தப் பிரிவுக்குள் வராது என்று எல்லா பாஸ்போர்ட் அலுவலகங்களுக்கும் எழுதிவிட்டது. தேனி மாவட்டத்துக்கான மதுரை அலுவலகமும் அதில் அடக்கம். ஆக, 'எஃப்.ஐ.ஆர். விழுந்தவனுக்குப் பாஸ்போர்ட் இல்லை' என்ற வாக்கியத்துக்கு அமைச்சகத்தின் கோப்பிலேயே இடமில்லை.

சரி, குற்றப்பத்திரிகையும் போய்விட்டது, உத்தமபாளையம் கோர்ட்டில் வாய்தா ஓடிக்கொண்டிருக்கிறது என்றால்? அப்போதும் கதவு பூட்டியில்லை. 25.08.1993 அன்று வெளிவந்த மத்திய அரசின் அறிவிக்கை, வழக்கு நடக்கும் நீதிமன்றத்திடம் வெளிநாடு செல்ல அனுமதி உத்தரவு வாங்கி வந்தால் பாஸ்போர்ட் தரலாம் என்கிறது. நீதிமன்றம் காலம் குறிப்பிட்டால் அந்தக் காலத்துக்கு. குறிப்பிடாவிட்டால் ஓர் ஆண்டுக்கு.

இது ஏட்டுச் சுரைக்காய் என்று நினைப்பவர்கள் பக்கத்துச் சிவகங்கையைப் பார்க்கலாம். அந்தத் தொகுதி எம்.பி. கார்த்தி சிதம்பரம் ஐ.என்.எக்ஸ். மீடியா வழக்கில் 2018 பிப்ரவரியில் கைதானவர். அவர் மீதான வழக்குகள் நிலுவையில் இருந்தபோதே நீதிமன்ற அனுமதி பெற்றுப் பலமுறை வெளிநாடு போய் வந்தார். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் 10 கோடி ரூபாய் வைப்புத்தொகை கட்டிவிட்டுப் போகச் சொன்னது; கட்டினார், போனார். அவருக்குக் கபில் சிபல் போன்ற வழக்கறிஞர்கள் வாதாடினார்கள் என்பது மெய்தான். ஆனால் அவர் எந்த அடிப்படையில் மனுப் போட்டாரோ அதே அடிப்படையில் கூடலூர் டிரைவரும் போடலாம். வைப்புத்தொகை கோடியில் இருக்காது, உள்ளூர் ஜாமீன்தாரர் இருவரோடு முடிந்துவிடக்கூடும். வசதியுள்ளவன் மனுவோடு கோர்ட்டுக்குப் போகிறான், வசதியற்றவன் 'கிடைக்காதாம்ல' என்று வீட்டில் உட்கார்ந்துவிடுகிறான். ஊர்ப்பேச்சு யாருக்கு வேலை செய்கிறது என்பதை இதிலிருந்தே கணக்குப் போடலாம்.

இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது? கிளப்பிவிட்டவர்கள் இரண்டு தரப்பார். ஒன்று, போராட்டக் களத்தில் நிற்கும் காவல் துறை. "கேஸ் போட்டா பாஸ்போர்ட் எடுக்க முடியாது, வேலைக்குப் போக முடியாது, பாத்துக்க" என்பது மாணவர்களைக் கலைக்கத் தடியைவிட மலிவான ஆயுதம். மற்றொன்று, இந்த மாவட்டத்து இளைஞர்கள் உயிரைக் கொடுத்துத் தயாராகும் போலீஸ் வேலைத் தேர்வு. தமிழ்நாடு காவல் பணி விதிகள் குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவரை ஏற்பதில்லை. சந்தேகத்தின் பலன் கொடுத்து விடுவிக்கப்பட்டவர், புகார்தாரர் பிறழ்சாட்சியானதால் தப்பியவர் ஆகியோரைக்கூட 'சம்பந்தப்பட்டவர்' என்றே கருதும் விளக்கம் அதில் இருக்கிறது. 2008-இல் மணிகண்டன் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு அந்த விதியைச் செல்லும் என்றது. அதிகாலையில் ரோட்டில் ஓடிப் பழகி, எழுத்துத் தேர்வும் தேறி, கடைசியில் ஒரு திருவிழாச் சண்டை வழக்கால் வேலையிழந்த பையனை ஊரே பார்த்திருக்கும். சீருடைப் பணிக்கு மட்டும் பொருந்துகிற அந்தக் கடுமையை மக்கள் பாஸ்போர்ட்டுக்கும் விசாவுக்கும் ஒட்டுப்போட்டுக்கொண்டார்கள். தவறு புரிந்துகொள்ளக்கூடியதே. அதற்காக அது சரியாகிவிடாது.

அதைவிடப் பழைய வேர் ஒன்றும் இந்த மண்ணில் கிடக்கிறது. 1911-ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்துக்கு வந்தபோது, உசிலம்பட்டி வட்டாரத்திலும் கம்பம் பள்ளத்தாக்கிலும் வாழ்ந்த பிறமலைக் கள்ளர் மக்கள் பிறப்பால் குற்றவாளிகளாக எழுதப்பட்டார்கள். வயது வந்த ஆண்களிடம் கைரேகை வாங்கியதால் மக்கள் அதை ரேகைச் சட்டம் என்றார்கள். பதிவு செய்யப்பட்டவர் இரவில் போலீஸ் சொன்ன இடத்தில்தான் படுக்க வேண்டும். ஊரை விட்டு ஊர் போக ராதாரிச் சீட்டு வேண்டும். எங்கே போகிறார், எப்போது திரும்புவார் என்று எழுதி வாங்கிய அந்தத் தாள் இல்லாமல் அடுத்த ஊரில் தென்பட்டாலே குற்றம். புது மாப்பிள்ளைகூட முதலிரவில் காவல் நிலையத் திண்ணையில் படுத்த கதையை இன்றும் பெரியவர்கள் சொல்வதுண்டு. ஒருவன் என்ன செய்தான் என்று அந்தச் சட்டம் கேட்டதேயில்லை, யாருக்குப் பிறந்தான் என்று மட்டும் கேட்டது. ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டதில் 16 பேர் இறந்தார்கள், மாயக்காள் என்ற பெண்ணும் அவர்களில் ஒருவர்.

அந்த மக்களுக்காக வாதாடிய மதுரை பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப்பை இப்பகுதியினர் 'ரோசாப்பூ துரை' என்று கொண்டாடினார்கள். ஹோம் ரூல் பிரச்சாரத்துக்காக அன்னி பெசன்ட் அவரை இங்கிலாந்துக்கு அனுப்பியபோது, கப்பல் ஜிப்ரால்டரை அடைந்ததும் பிரிட்டிஷார் பிடித்துத் திருப்பி அனுப்பினார்கள். குற்றம் செய்யாமலே வழிமறிக்கப்படுவது எப்படியிருக்கும் என்று வக்கீலுக்கும் தெரிந்திருந்தது.

சென்னை மாகாணத்தில் 1947-இல் அந்தச் சட்டம் ஒழிந்தது. ஆனால் செயலை விட்டுவிட்டு ஆளுக்கு முத்திரை குத்தும் பழக்கம் ஒழியவில்லை. யார் அந்த முத்திரையால் அடிபட்டார்களோ அவர்களின் பேரப்பிள்ளைகள் வீட்டிலேயே இன்று 'கேஸ்காரன்' என்ற சொல் சர்வசாதாரணமாகப் புழங்குகிறது என்பதுதான் வேதனை.

இனி தண்டனை பெற்றவர்கள். இங்கே ஊரார் இரண்டு பக்கமும் தடுமாறுகிறார்கள். ஜெயிலுக்குப் போய் வந்தவனுக்கு ஆயுளுக்கும் பாஸ்போர்ட் இல்லை என்பார்கள். கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டு சில நூறு ரூபாய் அபராதம் கட்டியவனைப் பார்த்து, கேஸ் முடிந்துவிட்டது, ஒன்றுமில்லை என்பார்கள். இரண்டும் தலைகீழ். அபராதம் கட்டியதும் தண்டனைதான், அது ஏட்டில் நிற்கும், கேட்கும் இடத்தில் சொல்லியாக வேண்டும். சீட்டாட்ட வழக்கில் 'ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிட்டு வா, வேலை முடிஞ்சுரும்' என்று வக்கீல் குமாஸ்தா சொல்லும் யோசனை, பத்து வருடம் கழித்து கனடா விண்ணப்பத்தில் ஒரு கட்டமாக எதிரே வந்து உட்காரும். ஆயுள் தடை என்பதோ சட்டத்தில் இல்லவே இல்லை. தண்டனை தீர்ப்பாகி ஐந்து ஆண்டு கடந்தால் அந்தப் பிரிவின் பிடி விடுபடுகிறது. தண்டனை இரண்டு ஆண்டுக்குக் குறைவென்றால் பிடிப்பதேயில்லை. மேல்முறையீடு நிலுவையில் இருக்கிறது என்ற காரணத்தைக் காட்டிப் புதுப்பிக்க மறுத்ததை 2021-இல் வாங்கலா கஸ்தூரி ரங்காசார்யலு வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. அவருக்கு உயர் நீதிமன்றம் குறைத்துக்கொடுத்த தண்டனை ஓர் ஆண்டுதான்.

குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம் என்று 1958-இலிருந்து ஒன்று இருப்பது பலருக்குத் தெரியாது. முதல் தவறு செய்தவரை எச்சரித்தோ பிணையெழுதி வாங்கியோ நீதிமன்றம் விடுவித்தால், அந்தத் தண்டனையால் வேறு எந்தத் தகுதியிழப்பும் வராது என்று அதன் 12-ஆவது பிரிவு சொல்கிறது. அன்றைக்குப் பதினெட்டு வயது நிரம்பாதிருந்தவருக்கு இளைஞர் நீதிச் சட்டம் இன்னும் வலுவான காப்பு. குமுளிச் சாலையில் 2011-இல் கல்லூரிக்குக்கூடப் போயிராத பையன்கள் நடந்தார்கள் என்பதை நினைத்தால் இது சின்ன விஷயமில்லை.

தமிழ்நாட்டில் தண்டனை பெற்ற தம்பதி ஒன்று வெளிநாடு போக நினைத்ததற்கு எல்லோருக்கும் தெரிந்த உதாரணம் நளினி, முருகன். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1991 ஜூனில் கைதாகி, 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டவர்கள். நளினி இந்தியக் குடிமகள், முருகன் இலங்கையர். மகள் லண்டனில். விடுதலைக்குப் பிறகும் முருகன் திருச்சி சிறப்பு முகாமில் வைக்கப்பட்டார். மகளோடு போய்ச் சேர வேண்டும், கணவர் பாஸ்போர்ட் எடுக்கச் சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்துக்குப் போக அனுமதி வேண்டும் என்று நளினி உயர் நீதிமன்றத்தை நாடினார். பயண ஆவணம் கிடைத்து, 2024 ஏப்ரல் 3 அன்று முருகன் கொழும்புக்கு அனுப்பப்பட்டார். அந்த வழக்கைப் பற்றி யாருக்கு என்ன கருத்து இருந்தாலும் இருக்கட்டும். நாட்டின் மிகப் பெரிய கொலை வழக்கில் தண்டிக்கப்பட்டவர்கள் விஷயத்திலேயே பேச்சு, எந்த நாட்டுத் தூதரகம், எந்த ஆவணம், யார் அழைத்துப்போவது என்றுதான் நடந்தது. வழிமறியல் வழக்கில் ஒரு நாள் மண்டபத்தில் அடைக்கப்பட்டவனுக்கு உலகமே மூடிவிட்டது என்று கூடலூர் டீக்கடை சொல்வதை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

'உன் விசாவும் போயிரும்' என்ற பகுதிக்கு வருவோம். ஒவ்வொரு நாடாக எடுத்துப் பார்த்தால்தான் இதற்குப் பதில் கிடைக்கும், ஊரார் அதைச் செய்வதில்லை. அமெரிக்கா கணவனையும் மனைவியையும் தனித்தனியாக எடை போடுகிறது. கணவனின் பழைய வழக்கு மனைவியின் நர்ஸ் விசாவைத் தொடாது. அவருக்கும்கூட, அதிகபட்சம் ஓர் ஆண்டு தண்டனைக்குரிய ஒரே ஒரு சிறு குற்றம், விதித்த தண்டனையும் ஆறு மாதத்துக்கு மேற்படவில்லை என்றால் விலக்கு இருக்கிறது. ஆஸ்திரேலியா 12 மாதமோ அதற்கு மேலோ சிறைத் தண்டனை பெற்றவரை நன்னடத்தைச் சோதனையில் தோற்கடிக்கும். பல நிரந்தர விசாக்களில் சேர்ந்து விண்ணப்பித்த குடும்பத்தில் ஒருவர் தோற்றால் எல்லோரும் தோற்பார்கள். பிரிட்டனும் 12 மாதத்தைத்தான் கோடாக வைத்திருக்கிறது. நியூசிலாந்தில் ஐந்து ஆண்டுத் தண்டனை என்றால் என்றைக்கும் தடை, 12 மாதம் என்றால் பத்தாண்டுக்குத் தடை. இந்தக் கோடுகள் எதையும் சில்லறை வழக்குக்காரர் எட்டுவதில்லை.

கடுமையானது கனடாதான். நிரந்தரமாகத் தங்குவதற்கான பி.ஆர். விண்ணப்பத்தில் கணவன் தகுதியிழந்தால் மனைவியும் இழப்பாள். அவர் உடன் வரவில்லை, ஊரில்தான் இருக்கப்போகிறார் என்று எழுதினாலும் அவரையும் சேர்த்தே பரிசோதிப்பார்கள். ஆக, 'அவரை விட்டுட்டு நீ மட்டும் போ' என்ற யோசனை கனடா பி.ஆருக்கு உதவாது, அமெரிக்காவுக்குத் தேவையே இல்லை. அதே கனடா, சிறு குற்றத்துக்கு ஒரே ஒரு தண்டனை என்றால் தடுப்பதில்லை. நடுத்தரக் குற்றமென்றால் தண்டனை முடிந்து ஐந்தாண்டு ஆனபின் மறுவாழ்வுக்கு விண்ணப்பிக்கலாம். பத்தாண்டு ஆகிவிட்டால் பெரும்பாலான ஒற்றைக் குற்றங்களில் தானாகவே திருந்தியவராகக் கருதும். தவறு செய்தவனுக்கு ஒரு கால எல்லை உண்டு என்று ஒட்டாவாவில் சட்டம் எழுதிவைத்திருக்கிறார்கள், சின்னமனூரில் சொந்தக்காரர்கள் எழுத மறுக்கிறார்கள்.

தேனியிலிருந்து போகிறவர்களில் பெரும்பாலோர் ஒட்டாவாவுக்கா போகிறார்கள்? வளைகுடாவும் சிங்கப்பூரும்தான். ஐக்கிய அரபு அமீரகம் 2018 பிப்ரவரியில் வேலை விசாவுக்கு நன்னடத்தைச் சான்றிதழைக் கட்டாயமாக்கி, இரண்டே மாதத்தில் நிறுத்திவைத்தது. குவைத் போலக் கேட்கும் நாடுகளும் உண்டு. ஆனால் இங்கே தம்பதியைப் பிரிப்பது வழக்கைவிடச் சம்பளமே. துபாயில் துணையை அழைத்துக்கொள்ள மாதம் 4,000 திர்ஹாம், அல்லது 3,000 திர்ஹாமும் தங்குமிடமும் இருக்க வேண்டும். சிங்கப்பூரில் 6,000 வெள்ளி மாதச் சம்பளம் இல்லாதவர் துணைக்குச் சார்ந்தோர் அனுமதி கேட்க முடியாது. ஒர்க் பெர்மிட்டில் போகும் தொழிலாளி குடும்பத்தை அழைக்கவே முடியாது. ஒரு குற்றமும் செய்யாத ஆயிரக்கணக்கான கணவன்மார் வருடக்கணக்கில் மனைவியைப் பிரிந்திருப்பது இதனால்தான். அதைப் பற்றி ஒருவரும் குரலைத் தாழ்த்திக் கேட்பதில்லை.

ஏஜென்ட் சொல்லும் 'மறைச்சுரலாம்' இந்த அறியாமையை வைத்துத்தான் பிழைக்கிறது. வழக்கு இருந்தால் எல்லாமே போச்சு என்று நம்புகிறவனுக்கு உண்மை சொல்வதால் என்ன லாபம்? அதனால் 'இல்லை' என்ற கட்டத்தில் டிக் அடிக்கிறான். பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் வழக்கை மறைத்தால் இரண்டு ஆண்டு வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், கையிலிருக்கும் பாஸ்போர்ட் முடக்கம். விசா விண்ணப்பத்தில் பொய் சொல்லிப் பிடிபட்டால் ஆஸ்திரேலியா மூன்று ஆண்டும், கனடா ஐந்து ஆண்டும், பிரிட்டன் பத்து ஆண்டு வரையிலும் தடை போடுகின்றன. அமெரிக்காவில் சிறப்பு விலக்கு கிடைத்தாலொழிய வாழ்நாள் தடை. வழக்கு மட்டும் இருந்திருந்தால் இவற்றில் பல தடைகள் வந்திருக்கவே வந்திருக்காது. அமெரிக்க விண்ணப்பம் எப்போதாவது கைது செய்யப்பட்டதுண்டா, மன்னிப்புக் கிடைத்திருந்தாலும் சொல் என்று கேட்கிறது. விடுதலையானவரும் அதில் 'ஆம்' என்றுதான் எழுத வேண்டும். தீர்ப்பு நகலோடு 'ஆம்' எழுதியவர் ஒரு விளக்கத்தோடு கடக்கிறார். 'இல்லை' எழுதியவரின் மனைவியும் சேர்ந்து மாட்டுகிறாள், ஒரே கோப்பில் இருவர் பெயரும் இருப்பதால். கணவனின் பழைய வழக்கு மனைவியைக் கெடுக்கும் என்று ஊர் பயப்படுகிறதே, அது நிஜமாகவே நடப்பது பெரும்பாலும் இந்த வழியில்தான்.

எல்லா வழக்கும் ஒன்றுமில்லாதது என்று வாதிட வரவில்லை. கஞ்சா விஷயத்தில் உலகம் இரக்கம் காட்டாது. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் ஒரு கிலோ வரை சிறு அளவு, 20 கிலோவுக்கு மேல் வணிக அளவு என்று பிரித்துப் பார்க்கிறது. அமெரிக்கக் குடியேற்றச் சட்டம் போதைப்பொருள் தண்டனை எதுவானாலும் தடுக்கிறது, 30 கிராமுக்கு உட்பட்ட மரிஜுவானாவை ஒரே ஒரு முறை வைத்திருந்ததற்கு மட்டும் விலக்குக் கேட்கலாம். அங்கே பல மாநிலங்களில் கடையில் வாங்கிப் புகைக்கிறார்களே என்று வாதாடிப் பயனில்லை. மலையிலிருந்து மூட்டை இறக்கித் தண்டனை பெற்றவரும் அவர் மனைவியும் இதைத் தெரிந்துகொண்டுதான் நாட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இன்னொன்று இதைவிட முக்கியம். வழக்கு மனைவியை அடித்ததற்காக என்றால் கேள்வியே மாறிவிடுகிறது. அவருக்கு விசா கிடைக்குமா என்பது அங்கே இரண்டாம் பட்சம். அண்ணன் தம்பி கூப்பிடு தூரத்தில் இருக்கும்போதே கை ஓங்கியவனோடு, விசாவுக்கும் வீட்டு வாடகைக்கும் அவனையே நம்பியிருக்க வேண்டிய ஊரில் போய் இருப்பதா என்று அந்தப் பெண் தீர்மானிக்க வேண்டும். 'கேஸ் இருந்தாலும் போகலாம்' என்ற இந்தக் கட்டுரையின் வாதத்தை அவளை நெருக்க யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அவளுக்கு வழக்கின் முழு விவரம் தெரிந்திருக்க வேண்டும்: எஃப்.ஐ.ஆரில் என்ன இருந்தது, தீர்ப்பு என்ன சொன்னது, யார் சமரசத்துக்கு வற்புறுத்தினார்கள். 'கேஸு கீஸு இல்லையே' என்று பொத்தாம்பொதுவாகக் கேட்கிற ஊர் இந்தக் கேள்விகளைக் கேட்பதேயில்லை. வழிமறியல் வழக்குக்காரனை விரட்டிவிட்டு, வழக்கே பதிவாகாத அடிக்காரனுக்குத் தாம்பாளத்தோடு பெண் கொடுக்கிறது.

அரசும் இந்தக் குழப்பத்தில் பங்காளி. கூடங்குளம் வழக்கில் 2013 மே மாதம் தீர்ப்புச் சொன்ன உச்ச நீதிமன்றம், போராடியவர்கள் மீதான குற்ற வழக்குகளைத் திரும்பப் பெற முயல வேண்டும் என்றது. அதன் பிறகும் பல வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நீடித்தன. 2018-இல் ஜீவானந்தம் வழக்கில் மதுரைக் கிளை, அரசு ஊழியரின் உத்தரவை மீறியதற்கான இந்திய தண்டனைச் சட்டத்தின் 188-ஆவது பிரிவில் போலீஸ் நேரடியாக எஃப்.ஐ.ஆர். போட முடியாது என்று பல வழக்குகளை ரத்து செய்தது. 2021-இல் முதல்வர் மு.க. ஸ்டாலின் நியூட்ரினோ, மீத்தேன், கூடங்குளம், எட்டு வழிச் சாலை உள்ளிட்ட போராட்ட வழக்குகள் கைவிடப்படும் என்று சட்டமன்றத்தில் அறிவித்தார். அறிவிப்பைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் வழக்கு அன்றோடு ஒழிந்தது என்று நம்பினார்கள். குற்றப்பத்திரிகை தாக்கலான வழக்கு அப்படி ஒழியாது. அரசு வழக்கறிஞர் நீதிமன்றத்தில் மனுச் செய்து, மாஜிஸ்திரேட் இசைந்து உத்தரவிட வேண்டும். அந்த உத்தரவு காவல் நிலையப் பதிவேட்டுக்கும் கணினிக்கும் போய்ச் சேராவிட்டால், பாஸ்போர்ட் விசாரணைக்கு வரும் ஏட்டையா பழைய எண்ணைப் பார்த்து 'வழக்கு உண்டு' என்றே எழுதி அனுப்புவார்.

அப்படி எழுதப்பட்டாலும் பாஸ்போர்ட் அலுவலகம் விளக்கம் கேட்டுக் கடிதம் அனுப்பும், பதிலோடு உத்தரவு நகலை வைத்தால் கோப்பு நகரும். ஆகவே வழக்கு நடந்த நீதிமன்றத்தில், அது உத்தமபாளையமோ போடியோ, சான்றிட்ட நகலுக்கு மனுப் போடுவதுதான் வெளிநாடு போக நினைக்கும் தம்பதிக்கு முதல் வேலை. நகல் கைக்கு வந்ததும் இருவரும் உட்கார்ந்து அதை வரிவிடாமல் படிக்க வேண்டும். மதுரைக்குப் பஸ் ஏறுவது அதற்குப் பிறகு.